மாத்திரை மூளைக்குள் போகிறதா? நோய் வந்தால் அந்த வழி எப்படி மாறுகிறது?

அரிப்புக்கும் தும்மலுக்கும் அவில் மாத்திரை போட்டவர்களுக்குத் தெரியும், கொஞ்ச நேரத்தில் கண் சொக்கும். அதே அரிப்புக்கு டாக்டர் ஃபெக்சோஃபெனடின் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் வழக்கம்போல வேலையைப் பார்க்கிறார்கள். இரண்டும் அலர்ஜி மருந்துதான். உடம்பில் இரண்டும் தடுப்பது ஹிஸ்டமின் என்ற ஒரே பொருளைத்தான். பிறகு ஏன் ஒன்று மட்டும் தூங்க வைக்கிறது? அவில் மூளைக்குள் நுழைந்துவிடுகிறது. ஃபெக்சோஃபெனடினை மூளை உள்ளே விடுவதில்லை.

விடாமல் தடுப்பது எது? மூளைக்குள் ஓடும் மிக நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர்தான். இதை ரத்த-மூளைத் தடுப்பு என்கிறார்கள். மண்டை ஓட்டுக்கு அடியில் மூளையைப் போர்த்தியிருக்கும் உறைகள் வேறு, அவற்றோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்த நுண் குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால் சுமார் 600 கிலோமீட்டர் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனை நீளத்திலும் உள்சுவர் ஒரே ஒரு செல் கனம்தான்.

இப்படி ஒன்று இருப்பது எப்படித் தெரியவந்தது? ஜெர்மனியைச் சேர்ந்த பால் எர்லிக் 1885-இல் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் செலுத்திப் பார்த்தார். உடம்பின் மற்ற உறுப்புகளில் சாயம் ஏறியது, மூளையில் ஏறவில்லை. மூளைக்குச் சாயம் பிடிக்காது போலும் என்று அவர் நினைத்தார். 1913-இல் எட்வின் கோல்ட்மன் சாயத்தை மூளையைச் சுற்றியுள்ள நீரில் நேரடியாகச் செலுத்தினார். இப்போது மூளையில் சாயம் ஏறியது, மற்ற உறுப்புகளில் ஏறவில்லை. ஆக, மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவில்தான் ஏதோ நிற்கிறது என்பது தெளிவானது. அது எங்கே நிற்கிறது என்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்ல 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்படி என்ன பார்த்தார்கள்? உடம்பின் பல இடங்களில் ரத்தக் குழாய்ச் செல்களுக்கு நடுவே சிறு சந்துகள் உண்டு. மருந்து அந்தச் சந்து வழியே கசிந்து வெளியே போகும். மூளையின் குழாய்களில் அந்தச் சந்து மூடியிருக்கிறது. ஆக்லூடின், கிளாடின்-5 போன்ற புரதங்கள் பக்கத்துப் பக்கத்துச் செல்களை நெருக்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இந்த இடத்துக்கு இறுக்க இணைப்பு (செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இடைவெளி விடாத பூட்டு) என்று பெயர்.

அப்படியென்றால் மூளைக்குப் போகும் மருந்துகள் எந்த வழியாகப் போகின்றன? கொழுப்பில் கரையும் சிறிய மூலக்கூறுகள் செல்லின் சவ்வைக் கடந்தே உள்ளே போய்விடும். அவில் அந்த ரகம். சில மருந்துகள் உணவுச் சத்துக்கென்று இருக்கும் வழியில் போகும். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா, புரதச் சத்தின் துகள்கள் போகும் அதே வழியைப் பயன்படுத்துகிறது. முட்டை, பருப்பு, இறைச்சி என்று புரதம் நிறைந்த சாப்பாட்டோடு அந்த மாத்திரையைப் போட்டால் சிலருக்கு வேலை செய்யாமல் போவதற்கு இந்தப் போட்டி ஒரு காரணம். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடச் சொல்வது அதனால்தான்.

சவ்வைக் கடந்து உள்ளே வந்துவிட்டால் போதுமா? போதாது, அடுத்த காவல் ஒன்று இருக்கிறது. அந்தச் செல்களின் ரத்தத்தைப் பார்த்த பக்கத்தில் பி-கிளைகோபுரதம் (அந்நியப் பொருளைப் பிடித்து ரத்தத்துக்கே திருப்பித் தள்ளும் புரதம்) என்ற பம்புகள் உட்கார்ந்திருக்கின்றன. ஃபெக்சோஃபெனடின் உள்ளே தங்காததில் இவற்றுக்கும் பங்கு உண்டு.

இந்தப் பம்ப் எவ்வளவு முக்கியம் என்பது ஆம்ஸ்டர்டாமில் ஒரு விபத்தில் தெரியவந்தது. நெதர்லாந்து புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் ஆல்ஃப்ரெட் ஷிங்கெலும் அவர் குழுவினரும் இந்தப் பம்ப் இல்லாத சுண்டெலிகளை உருவாக்கி வளர்த்துவந்தார்கள். பார்வைக்கு அவை சாதாரணமாகவே இருந்தன. எலிகளுக்கு உண்ணித் தொல்லை வந்தபோது, வழக்கம்போல ஐவர்மெக்டின் தெளித்தார்கள். சாதாரண எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பம்ப் இல்லாதவை செத்து விழுந்தன. பிறகு அளந்து பார்த்ததில் அவற்றின் மூளையில் மருந்து ஏறக்குறைய 90 மடங்கு அதிகம் இருந்தது. 1994-இல் இதை வெளியிட்டார்கள். வயிற்றுப்போக்குக்குப் போடும் லோபெரமைடும் ஓபியம் வகையோடு உறவுள்ள மருந்துதான். சரியான அளவில் போட்டால் மயக்கமோ போதையோ வராமல் காப்பது இதே பம்ப்.

இனி விஷயத்துக்கு வருவோம். நோய் வந்தால் இந்தத் தடுப்பு மாறுவதில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்துக்குப் பங்கு உண்டு. அது என்ன? வாழைக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் வைத்தால் கறுத்துப்போகிறதே, அது காற்றிலுள்ள ஆக்சிஜன் செய்யும் வேலை. உடம்புக்குள்ளும் ஆக்சிஜனுக்கு அந்தக் குணம் உண்டு. செல்கள் சக்தி தயாரிக்கும்போது, ஆக்சிஜனின் ஒரு சிறு பங்கு முரட்டு மூலக்கூறுகளாக மாறுகிறது. அவை எதிர்ப்பட்ட கொழுப்பையும் புரதத்தையும் சிதைக்கும். அவற்றை அடக்க உடம்பு குளூட்டாத்தியோன் போன்ற பொருள்களை வைத்திருக்கிறது. முரடர்கள் பெருகி, அடக்குபவை போதாமல் போகும் நிலைதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். மன அழுத்தம் என்று நாம் சொல்வது வேறு.

இது எப்போது வரும்? கிருமித் தொற்று, பக்கவாதம், தொடர் வலிப்பு, தலையில் பலத்த அடி, கட்டுக்கடங்காத சர்க்கரை, புகைப்பழக்கம் எல்லாவற்றிலும் வரும். வெள்ளையணுக்கள் கிருமிகளைக் கொல்ல இந்த முரட்டு மூலக்கூறுகளைத்தான் ஆயுதமாக வீசுகின்றன. ஆகவே இவை முழுக்க வேண்டாதவை அல்ல. உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான், ஆனால் நாம் இழுக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை அது செலவழிக்கிறது. கொழுப்பும் அங்கே அதிகம். அதனால் இந்தச் சேதத்தில் மூளை சீக்கிரம் மாட்டிக்கொள்கிறது.

சரி, ரத்த-மூளைத் தடுப்பை ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்ன செய்கிறது? இரண்டு வேலை செய்கிறது, இரண்டும் எதிரெதிர்த் திசையில். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது.

முதலாவது, இறுக்க இணைப்பு தளர்கிறது. ஆக்லூடின் புரதங்கள் ஒன்றோடொன்று கோத்திருப்பது கலைகிறது. கூடவே எம்எம்பி-9 என்ற நொதி (மற்ற புரதங்களை வெட்டும் ரகம்) தூண்டப்பட்டு, குழாய்ச் சுவரின் அடித்தளத்தை அரிக்கிறது. மூடியிருந்த சந்து திறக்கிறது. சந்து வழியே போகக்கூடிய மருந்து வழக்கத்தைவிட அதிகமாக உள்ளே போகும்.

இரண்டாவது, பம்புகள் கூடுகின்றன. தாக்குதல் நடக்கிறது என்று உணர்ந்த செல், விஷத்தை வெளியேற்றக் கூடுதல் பம்புகளைத் தயாரிக்கிறது. எலியின் மூளைக் குழாய்ச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, அவற்றின் மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுப் பார்த்தார்கள். பி-கிளைகோபுரதம் கூடியது. 2002-இல் வெளியான முடிவு இது. பம்ப் பிடிக்கக்கூடிய மருந்து இப்போது வழக்கத்தைவிடக் குறைவாகவே மூளையில் தங்கும்.

ஒரே நேரத்தில் இரண்டும் நடக்குமா என்று கேட்பீர்கள். நடக்கும். அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் தாமஸ் டேவிஸின் ஆய்வகம் பல ஆண்டுகளாக எலிகளிடம் இதைப் பார்த்துவந்தது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் காரகீனன் என்ற பொருளை எலியின் பின்னங்காலின் அடியில் ஊசியாகப் போடுவார்கள். பாதம் சிவந்து வீங்கி வலிக்கும். மூளைக்கு எந்தக் காயமும் கிடையாது. ஆனாலும் 3 மணி நேரத்தில் மூளையின் குழாய்களில் ஆக்சிஜனேற்றச் சேதத்தின் அடையாளங்கள் தெரிந்தன. ஆக்லூடின் கலைந்திருந்தது, வலி மருந்தான கோடீன் மூளைக்குள் அதிகமாகப் போனது. முரட்டு மூலக்கூறுகளை அடக்கும் டெம்போல் என்ற பொருளை முன்கூட்டியே கொடுத்தபோது இந்த மாற்றம் மட்டுப்பட்டது. ஆகவே கோடீன் கூடுதலாக நுழைந்ததற்கு ஆக்சிஜனேற்றம் ஒரு காரணம் என்பது உறுதியானது.

அதே பாத வீக்கத்தில் மார்ஃபின் என்ன ஆனது தெரியுமா? பம்ப் கூடியிருந்ததால் மூளைக்குள் குறைவாகப் போனது, வலியும் சரியாகக் குறையவில்லை. இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே எலி வகை, ஒரே வீக்கம், ஒரே குடும்பத்து வலி மருந்துகள் இரண்டு. ஒன்று கூடுகிறது, மற்றது குறைகிறது. நோயில் தடுப்பு உடைந்துவிடும், ஆகவே மருந்தெல்லாம் தாராளமாகப் போகும் என்று படித்தவர்களே சொல்லக் கேட்கிறோம். அது பாதி உண்மை. எந்த மருந்து, எந்த நோய், நோயின் எந்த நேரம் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இதனால் உங்களுக்கு என்ன? அதிகம் பாதிப்பது பக்கவாதத்தில். ரத்தக் கட்டு அடைத்த இடத்தில் முதலில் ஆக்சிஜன் கிடைக்காது. கட்டு விலகி ரத்தம் திரும்பப் பாயும்போது ஆக்சிஜன் ஒரேயடியாக வந்து சேர்கிறது, முரட்டு மூலக்கூறுகள் பொங்குகின்றன, தளர்ந்திருந்த குழாய்ச் சுவர் இன்னும் கரைகிறது. அடைப்பு நீடித்திருந்தால் சுவரின் சேதமும் கூடுதலாக இருக்கும். கட்டைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தோன்றிய நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். நேரம் கடந்து போட்டால் பலன் குறைந்து, மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்து மேலோங்கிவிடும். மூன்று மணி நேரத்துக்குள் ஊசி போட்டுப் பார்த்த 1995-ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்விலேயே நூற்றுக்குச் சுமார் 6 பேருக்கு அப்படிக் கசிந்தது. ஊசி போடாதவர்களில் அது 1-க்கும் குறைவு. அப்படியிருந்தும், மூன்று மாதம் கழித்துப் பெரிய ஊனமின்றி நடமாடியவர்கள் ஊசி போட்டவர்களிடையேதான் அதிகம்.

ஆகவே வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்க வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதைச் சரியாகச் சொல்லுங்கள், ஊசி போடலாமா என்பதை முடிவு செய்ய டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம். வந்திருப்பது அடைப்பா கசிவா என்பது ஸ்கேன் எடுக்காமல் தெரியாது. கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதைக் கூட்டும்.

அடுத்தது மூளை உறைக் காய்ச்சல். பென்சிலின் ஆரோக்கியமான ஒருவரின் மூளை நீருக்குள் மிகக் கொஞ்சமே போகும். பிறகு எப்படி அது இந்த நோயைக் குணப்படுத்துகிறது? அழற்சியில் தடுப்பு தளர்ந்திருப்பதால்தான் உள்ளே போக வழி கிடைக்கிறது. நோயாளி தேறத் தேற வீக்கம் வடியும், தடுப்பு மறுபடி இறுகும், அதே டோஸில் உள்ளே போகும் மருந்து குறையும். காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்கும் பிள்ளைக்கு இன்னும் எதற்கு ஊசி, மாத்திரையாகக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பக்கூடாதா என்று பெற்றோர் கேட்பது இயல்பு. கிருமி மிச்சமிருக்கும்போது மருந்தின் அளவு குறைந்துவிடக்கூடாது என்பதால்தான் கடைசி நாள் வரை முழு டோஸ் ஊசி தொடர்கிறது.

காசநோய் மூளை உறையைத் தாக்கினால் சிகிச்சை 9 முதல் 12 மாதம் வரை போகும். அதில் கொடுக்கும் ஐசோனியசிடும் பைரசினமைடும் தடுப்பை நன்றாகவே கடப்பவை. எத்தம்பியூட்டால், ஸ்ட்ரெப்டோமைசின் போன்றவை அழற்சி இருக்கும்வரைதான் ஓரளவு போகும். தலைவலி நின்றுவிட்டது என்று மூன்றாம் மாதத்தில் நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

வலிப்பு நோய்க்கு வருவோம். வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மாத்திரையால் முழுக் கட்டுப்பாடு கிடைப்பதில்லை. ஏன்? வலிப்பு நேரும்போது மூளையில் பம்புகள் கூடுவதை எலிகளிடம் பார்த்திருக்கிறார்கள். மருந்துக்கு அடங்காத சிலரின் மூளையில் பம்பின் வேலை அதிகமாக இருப்பது ஸ்கேனிலும் தெரிந்தது. இது மட்டுமே காரணம் என்று நிபுணர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஃபெனிட்டாயின் போன்ற வலிப்பு மருந்துகளை இந்தப் பம்ப் எவ்வளவு வலுவாகப் பிடிக்கிறது என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

ஆனால் அந்த விவாதம் முடியும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. மாத்திரையைத் தவறவிட்டு வலிப்பை வரவழைத்துக்கொள்ளாதீர்கள். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சரியாகத் தேர்ந்தெடுத்து, சரியான அளவில் கொடுத்த இரண்டு மருந்துகளுக்கும் வலிப்பு அடங்கவில்லை என்றால், அடுத்தடுத்து மருந்தை மாற்றிக்கொண்டே வருடங்களைக் கழிக்காமல் அறுவை சிகிச்சை பற்றிக் கேளுங்கள். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் உள்படச் சில இடங்களில் அதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

வயதானவர்கள் வீட்டில் இருந்தால் இதையும் கவனியுங்கள். வழக்கமாகப் போடும் தூக்க மாத்திரையோ, டிரமடால் போன்ற வலி மாத்திரையோ, அவிலோ, காய்ச்சல் வந்த நாளில் அவர்களை ஒரேயடியாகக் குழப்பத்தில் தள்ளக்கூடும். நீர் வற்றியது, சிறுநீரகம் சோர்ந்தது, கிருமியின் பாதிப்பு என்று பல காரணங்கள் சேரும். தடுப்பு தளர்வதும் வயதானால் பம்ப் மந்தமாவதும் அவற்றோடு சேரலாம். வயசாகிவிட்டது, அப்படித்தான் உளறுவார் என்று விட்டுவிடாதீர்கள். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று ஆளை அடையாளம் தெரியாமல் பேசினால் அது நோயின் அறிகுறி. அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

மருந்தே பம்பை அடக்கவும் கூடும். இதயத் துடிப்பைச் சீராக்கும் குயினிடினோடு லோபெரமைடைக் கொடுத்துப் பார்த்தபோது, பம்ப் தடுக்கப்பட்டு, வழக்கமாக மூளைக்குப் போகாத லோபெரமைடு சுவாசத்தை மட்டுப்படுத்தும் அளவுக்குப் போனது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு லோபெரமைடு கொடுக்கவே கூடாது. பேதி நிற்கவில்லை என்று கடையில் கேட்டு வாங்கிக் கொடுப்பவர்கள் தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள். குழந்தைக்குத் தேவை உப்புச்சர்க்கரைக் கரைசலும் துத்தநாகமும்தான்.

கடைசியாக எல்லோரும் கேட்பது: முரட்டு மூலக்கூறுகள்தான் பிரச்சினை என்றால், அவற்றை அடக்கும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையைத் தினமும் போட்டால் என்ன? பெரிய அளவில் முயன்று பார்த்துவிட்டார்கள். பக்கவாதத்துக்கென்று தயாரித்த என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்து 2006-இல் வெளியான முதல் பெரிய ஆய்வில் நம்பிக்கை தந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் திரும்பச் செய்து 2007-இல் வெளியிட்டபோது பலன் எதுவும் இல்லை. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் சுமார் 29,000 பேரிடம் செய்த ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியது. 1994-இலேயே வந்த முடிவு அது. அப்படியும் இன்றுவரை கடைகளில் இந்த வகை மாத்திரைகள் நோய் தீர்க்கும் பாவனையில் விற்கப்படுவது எனக்கு வருத்தம் தருகிறது. புகையை விடுவதும், சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதும் மூளையின் குழாய்களுக்கு எந்தக் குப்பி மாத்திரையையும்விட அதிக நன்மை செய்யும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கோஸ், காலிஃபிளவர் குடும்பத்துக் காய்களில் இருந்து கிடைக்கும் சல்ஃபோராஃபேன், உடம்பின் சொந்தப் பாதுகாப்பைத் தட்டி எழுப்பும் பொருள். அதை எலியின் மூளைக் குழாய்களில் விட்டபோது பம்புகளும் சேர்ந்தே கூடின. மிளகில் உள்ள பைப்பரின் அதற்கு நேர்மாறாகப் பம்பை அடக்குகிறது. ஃபெனிட்டாயினோடு சேர்ந்தால் ரத்தத்தில் அதன் அளவைக் கூட்டுவதை ஆரோக்கியமான மனிதர்களிடமே பார்த்திருக்கிறார்கள். ரசத்தில் போடும் மிளகையும் பொரியலில் போடும் கோஸையும் நினைத்துப் பயப்பட வேண்டாம். குறுக்கிச் செறிவாக்கிய மாத்திரைகளில்தான் கவனம் வேண்டும். மஞ்சள் சத்து என்று விற்கும் குர்குமின் மாத்திரைகள் பலவற்றில் பைப்பரின் சேர்த்திருப்பார்கள். வலிப்புக்கோ மனநோய்க்கோ புற்றுநோய்க்கோ மருந்து சாப்பிடுபவராக இருந்தால், அந்த டப்பாவை டாக்டரிடம் காட்டிக் கேட்ட பிறகு பிரியுங்கள்.